ஒரே அமிலம், ஒருவருக்கு நெஞ்செரிவு, இன்னொருவருக்கு இருமலா?

ஒரே ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு உங்களுக்கு நெஞ்சு எரிய, அக்காவுக்கு எரிவே இல்லாமல் தொண்டை மட்டும் கரகரப்பது ஏன் என்று கேட்டீர்கள். சாப்பிட்டதும் வயிற்றிலிருந்து கொஞ்சம் அமிலம் மேலே வருவது எல்லோருக்கும் நடப்பதுதான், உணவுக்குழாய் அதைத் தாங்கும், அடிக்கடி வந்து நெடுநேரம் தங்கினால்தான் எரிவும் புண்ணும். ஆனால் குரல்வளைக்கு அந்தத் தாங்குசக்தி இல்லை, அதனால் சிறு துளி அங்கே எட்டினாலும் இருமல், குரல் கம்மல் வரலாம். அக்காவுக்கு அளவு குறைவு, எட்டிய தூரம் அதிகம், அவ்வளவுதான். இதில் இன்னொரு கூத்து, நரம்பு கூருணர்வுள்ளவருக்குக் கொஞ்சம் அமிலம் வந்தாலே பெரிதாக எரியும். குனிந்தாலும் படுத்தாலும் உயரமாக ஏறும், ஆகவே ஹட்டன் குளிரில் சாப்பிட்ட கையோடு கம்பளிக்குள் புகாமல் 3 மணி நேரம் பொறுங்கள். விழுங்கச் சிரமமென்றால் டொக்டரிடம் போய்விடுங்கள்.