கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்தோலிக்க அருட்சகோதரிகளின் கல்விப் பணியும் அறப்பணியும் எவ்வாறு தொடங்கின?

இக்கேள்விக்கு விடை தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய ஊர் முளகுமூடு. பெல்ஜியத்தைச் சேர்ந்த அன்னை மரி லூயிஸ் தெ மீஸ்டர், அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த இவ்வூருக்கு 1897 நவம்பரில் ஒரே ஒரு துணைச் சகோதரியுடன் வந்து, ஆதரவற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். பிற்காலத்தில் பிலிப்பைன்ஸ் வரை பரவிய மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சபை இங்குதான் வேர்விட்டது என்பதை நம் மாவட்டத்திலேயே பலர் அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

உணவும் எழுத்தறிவும் தந்ததோடு நிற்காமல், பெண்களுக்கு லேஸ் பின்னலும் பூத்தையலும் கற்றுக்கொடுத்ததையே அவர்கள் பணியின் சிறப்பாக நான் கருதுகிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணியில் இழை எண்ணி ஊசி ஓட்டும் அவ்வேலைக்கு நிலமோ முதலோ தேவையில்லை. கைத்திறனும் பொறுமையும் போதும். ஆகவே, சொத்தில்லாத பெண்ணும் தன் உழைப்பால் கூலி ஈட்ட முடிந்தது.

உயர்கல்வியில், 1844இல் சுவிட்சர்லாந்தின் மென்சிங்கனில் தோன்றிய திருச்சிலுவைச் சபையின் சகோதரிகள் நாகர்கோவிலில் 1965இல் தொடங்கிய ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரி குறிப்பிடத்தக்கது. கடற்கரைக் கிராமங்களிலிருந்தும் மலையோர ஊர்களிலிருந்தும் வரும் பெண்கள், வெளியூருக்குப் போகாமல் பட்டம் பெற அது வழி செய்தது.