பிக்கப்புக்கு ஸ்னோ செயின்: பின்சக்கரத்துக்கு ஒரு ஜோடி முதலில்

அண்ணே, ஜனவரியில் ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு காரைக்குடியிலிருந்து மணாலி போகிறேன், என் பிக்கப்புக்கு எந்த ஸ்னோ செயின் (பனியில் சறுக்காமலிருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி) வாங்குவது, நான்கு சக்கரத்துக்கும் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் வண்டியை இழுப்பது பின்சக்கரம். அதனால் முதல் ஜோடி பின்னால்தான். பனி இறுகிய இறக்கத்தில் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்க முன்னாலும் ஒரு ஜோடி இருந்தால் நல்லது. காசு இருந்தால் வாங்குங்கள்.

டயர் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பதுபோல் எழுதியிருக்கும். அதே அளவுக்கான செயின்தான் வேண்டும். கடைக்காரர் "ஏறக்குறைய சரியாக இருக்கும்" என்றால் வாங்காதீர்கள். தொளதொளவென்று இருக்கும் செயின், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் ஹோஸை (பிரேக் ஆயில் போகும் குழாயை) பிய்த்துவிடும். ஏணி வடிவம் விலை குறைவு, ஆனால் பக்கவாட்டில் சறுக்கும். வைர வடிவத்தில் கோர்த்த இரும்புச் செயினே என் தேர்வு. பிளாஸ்டிக் பட்டைகள் கல் ஏற்றிய வண்டிக்கு ஆகாது.

அப்புறம், ஊரிலேயே பொட்டலில் நிறுத்தி இரண்டு மூன்று தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். குளிரில் விரல் மரத்துப்போனால் கொக்கி மாட்டவே வராது, கையுறை கட்டாயம். மாட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் இறங்கி மறுபடி இறுக்குங்கள். வேகம் 40க்குள் இருக்கட்டும். பனியில்லாத தாரில் உடனே கழற்றுங்கள், மணாலியைத் தாண்டி அடல் சுரங்கச் சாலை வரை போனாலும் அப்படித்தான்.

திரும்பும்போது வண்டி காலியாக இருக்கும், பின்பக்கம் லேசாகிவிடும். மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்து இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.