‘ஸ்டார் டிரெக்’ முதல் தொடரில் ஸ்பாக் ஏன் ஓரிடத்தில் புன்னகைக்கிறார்?

‘ஸ்டார் டிரெக்’ ஒரு அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்; அதில் வரும் விண்கல அதிகாரி ஸ்பாக் வழக்கமாக உணர்ச்சி காட்டாதவர். 1966 நவம்பரில் ஒளிபரப்பான ‘தி மெனாஜரி’ என்னும் இரு பகுதிக் கதையில், டேலோஸ் 4 கோளின் ஒலியெழுப்பும் நீல இலையைத் தொட்டுப் பார்த்து ஸ்பாக் மலர்ந்து புன்னகைப்பதற்குக் காரணம், அக்காட்சி என்.பி.சி. தொலைக்காட்சி நிறுவனம் நிராகரித்த ‘தி கேஜ்’ என்ற முன்னோட்டப் படத்திலிருந்து (தொடருக்கு ஒப்புதல் பெற எடுக்கப்படும் ‘பைலட்’) எடுத்துச் சேர்க்கப்பட்டதுதான். அப்படத்தில் கப்பலின் கேப்டன், தொடரில் வரும் கிர்க் இல்லை, பைக் என்பவர்தான். உணர்ச்சி காட்டாத அதிகாரி ‘நம்பர் ஒன்’ எனப்பட்ட பெண். அவரது பாத்திரம் நீக்கப்பட்டபின் அந்த இறுக்கம் ஸ்பாக்கிடம் வந்து சேர்ந்தது. பைக்காக நடித்த ஜெஃப்ரி ஹண்டர் திரும்பி வராததால், முகம் சிதைந்து சக்கர நாற்காலியில் முடங்கி, ‘ஆம்’ என்பதற்கு ஒருமுறையும் ‘இல்லை’ என்பதற்கு இருமுறையும் விளக்கை மின்னச் செய்யும் பைக்காக, புதிய காட்சிகளில் ஷான் கென்னி நடித்தார். அந்தப் பழைய தலைவருக்காக மரண தண்டனைக்குரிய குற்றத்தை முகம் மாறாமல் செய்யும் ஸ்பாக்கிடம், என் பார்வையில், அந்தப் புன்னகையில் இருந்ததைவிட அதிக உணர்ச்சி தெரிகிறது.