வலையமைப்புப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வுகள்: வடசென்னையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தண்டையார்பேட்டை): ஐயா, நான் பி.காம். முடித்தவன். கணினிப் பாதுகாப்புக்கான செக்யூரிட்டி பிளஸ் தேர்வை எழுத இரண்டு ஆண்டு அனுபவமும், வலையமைப்பு அடிப்படைகளுக்கான நெட்வொர்க் பிளஸ் சான்றிதழும் கட்டாயம் என்று கூறி, ஒரு பயிற்சி மையத்தில் இரண்டு தேர்வுகளுக்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை, தம்பி. இத்தேர்வுகளை நடத்தும் காம்ப்டியா நிறுவனம் அவ்விரண்டையும் பரிந்துரைக்கிறதே தவிர, தேர்வுக்குப் பதிவு செய்பவரிடம் பட்டச் சான்றோ பணிச் சான்றோ கேட்பதில்லை. எனினும் ஐ.பி. முகவரி, சப்நெட் (வலையமைப்பின் உட்பிரிவு), போர்ட் எண்கள் (ஒவ்வொரு சேவைக்குமான வாயில் எண்), ஃபயர்வால் (தடுப்பு அரண்) விதிகள் ஆகியவை ஏற்கெனவே தெரிந்தவர் என்று கருதியே வினாக்களை அமைக்கிறார்கள் என்பதால், நெட்வொர்க் பிளஸ் தேர்வை நீங்கள் தவிர்த்தாலும் அதன் பாடத்தைத் தவிர்க்க முடியாது. பணம் கட்டுவதற்கு முன், அந்நிறுவனம் இலவசமாக வெளியிடும் பாடத்திட்டக் கோப்பை முழுவதும் படித்துவிடுங்கள். இதை வற்புறுத்தியே சொல்கிறேன், ஏனெனில் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் நம் பகுதியில் அதிகம்.

கேள்வி (பெரம்பூர்): செக்யூரிட்டி பிளஸில் தேர்ச்சி பெற 750 மதிப்பெண் என்றால் 75 விழுக்காடு சரியாக எழுதினால் போதுமா?

பதில்: அப்படிக் கணக்கிட முடியாது. மதிப்பெண் அளவு 100 முதல் 900 வரை. எல்லா வினாக்களுக்கும் ஒரே எடையும் இல்லை. செக்யூரிட்டி பிளஸின் எஸ்ஒய்0-701 என்ற பதிப்பில் 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 வினாக்கள் வரும். செய்து காட்ட வேண்டிய செயல்முறை வினாக்கள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நேரத்தை விழுங்கிவிடும் என்பதால், அவற்றைக் குறித்து வைத்துவிட்டுப் பிறகு திரும்பி வருவது நல்லது. பாதுகாப்புச் செயல்பாடுகள் என்ற பிரிவுக்கே 28 விழுக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. கணினியில் நடப்பவை பதிவாகும் பதிவேடுகளை (லாக்) வாசித்துப் பழகாதவர்கள் அங்குதான் தடுமாறுகிறார்கள்.

கேள்வி (வியாசர்பாடி): இதைவிட எளிய தொடக்கம் உண்டா?

பதில்: ஐ.எஸ்.சி.2 என்ற மற்றொரு சான்றிதழ் அமைப்பின் சி.சி. (Certified in Cybersecurity) என்னும் தொடக்கநிலைத் தேர்வுக்கு முன் அனுபவம் தேவையில்லை. 1000-க்கு 700 பெற வேண்டும். தேர்ச்சிக்குப் பிறகு ஆண்டுதோறும் 50 டாலர் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ராயபுரம்): வீட்டிலிருந்தே எழுதலாமா, ஐயா? என் பெயரில் தலைப்பெழுத்து மட்டுமே உள்ளது.

பதில்: செக்யூரிட்டி பிளஸ் தேர்வை எழுதலாம், அம்மா. ஆனால் தேர்வு முடியும்வரை அறைக்குள் வேறு எவரும் வரக்கூடாது. ஒற்றை அறை வீடென்றால் தேர்வை நடத்தித் தரும் பியர்சன் வியூ நிறுவனத்தின் மையமே நல்லது. பதிவில் உள்ள பெயர் அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். அட்டையில் தந்தை பெயர் விரிவாகவும் பதிவில் தலைப்பெழுத்தாகவும் இருந்தால், தேர்வு நாளுக்கு முன்பே எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். இல்லையேல் மையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்டிய பணத்தையும் இழக்க நேரிடலாம்.