1908 மேற்கு ஆஸ்திரேலியா மேலவைத் தேர்தலில் ஏன் பத்து இடங்களுக்கு மட்டும் போட்டி?

மேலவை என்பது கீழவை நிறைவேற்றும் மசோதாக்களை மறுபடி அலசும் இரண்டாவது சபை. அங்கே அப்போது 10 மாகாணங்கள், மாகாணத்துக்கு மூவர், ஆக 30 பேர். பதவிக்காலம் 6 ஆண்டு. 2 ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 10 பேர், விலகுவார்கள்; அந்த இடங்களுக்கு மட்டும் தேர்தல். ஒரே தேர்தல் அலையில் சபை முழுக்க மாறிவிடக் கூடாது என்பதே காரணம்.

சரி, ஓட்டு யாருக்கு? குறிப்பிட்ட மதிப்புக்குச் சொத்தோ வாடகைக்கு எடுத்த இடமோ உள்ளவர்களுக்குத்தான். அடுக்குமாடிச் சங்கத்தில் வீட்டுக்காரர்கள் மட்டும் கை தூக்குவது போல. பல மாகாணங்களில் சொத்து இருந்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டு! சொத்துள்ளவர்களுக்கு வசதியான ஏற்பாடுதான்.

அங்கே பெண்களுக்கு 1899லேயே வாக்குரிமை வந்ததால், மேலவைக்கும் எல்லாரும் வாக்களித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பெண்களுக்கும் அதே சொத்துத் தகுதி தேவைப்பட்டது.