மின்வெட்டுக்குப் பிறகு கணினி வேலை பின்னோக்கிப் போவது ஏன்?

வணக்கம். டர்பனில் மின்வெட்டு முடிந்து டெஸ்க்டாப்பைப் போட்டால், 70% வரை ஓடிய ரொசெட்டா (தன்னார்வலர்களின் கணினிகளில் புரத வடிவங்களைக் கணக்கிடும் ஆய்வுத் திட்டம்) வேலை 40%இல் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கணினியில் கோளாறு இல்லை. ரொசெட்டா பெரும்பாலும் ஒரு புரத மாதிரியை முடித்த பிறகே செக்பாயின்ட் எழுதும், அதாவது அதுவரை செய்ததை டிஸ்க்கில் சேமிக்கும். நடுவில் மின்சாரம் போனால் அதற்குப் பின் செய்தது வீண். ரொசெட்டாவை ஓட்டும் பாயிங்க் மென்பொருளில் உள்ள 60 விநாடி செக்பாயின்ட் அமைப்பைக் குறைத்துப் பயனில்லை. அது அதற்குமேல் அடிக்கடி எழுதாதே என்ற வரம்புதான்.

பாயிங்க்கில் வேலையைத் தேர்ந்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால், கடைசி செக்பாயின்ட்டுக்குப் பின் ஓடிய நேரம் தெரியும். அது சில விநாடிகளாக இருக்கும்போது அணைத்தால் நஷ்டமில்லை. அதைவிட நல்லது, மின்வெட்டு அட்டவணை நேரத்துக்கு 5 நிமிடம் முன்பே ஹைபர்னேட் செய்வது. நினைவகம் அப்படியே டிஸ்க்குக்குப் போய்விடும். மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

பாயிங்க் முன்கூட்டியே இறக்கி வைக்கும் வேலையை அரை நாளுக்கு மேல் வைக்காதீர்கள், கெடு தப்பினால் அதே வேலை இன்னொருவருக்குப் போய்விடும். டர்பன் வெயிலில் கணினி சூடாகாமல் இருக்க, செயலியின் பாதி கோர்கள் ஓடினால் போதும். ப்ரீபெய்ட் மீட்டர் என்றால் கணக்கு: கூடுதல் 60 வாட், 8 மணி நேரம், கிட்டத்தட்ட அரை யூனிட்.