எல்லாமே தவிட்டு நிறக் குருவியா?

கேள்வி: இரண்டு மாதமாக ஒரு பறவை பார்க்கும் குழுவோடு ஞாயிறுதோறும் போகிறேன். ஒரு வாரம் ஏரிக்கரை, ஒரு வாரம் புல்வெளி, ஒரு வாரம் காட்டோரம். கூட வருபவர்கள் பறந்து போகும்போதே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு எல்லாமே தவிட்டு நிறக் குருவிதான். இது எனக்கு வரவே வராதா?

பதில்: வரும். அவர்கள் மட்டும் இறகு இறகாக எண்ணியா சொல்கிறார்கள்? வண்டியை விட்டு இறங்கும்போதே இந்த இடத்தில் எதெது இருக்கும் என்று மனதில் ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள், அதிலிருந்து கழித்துக் கழித்து வருகிறார்கள், அவ்வளவுதான். ஈரக்கரையில் தவிட்டு நிறத்தில் ஒன்று பின்புறத்தை விடாமல் ஆட்டிக்கொண்டே நடந்து, கிளப்பினால் தண்ணீரை ஒட்டியே தாழப் பறக்கிறதென்றால் அது பெரும்பாலும் உள்ளான். அதே நிறத்தில் ஒன்று புல்வெளியிலிருந்து பாடிக்கொண்டே மேலே மேலே ஏறினால் வானம்பாடி. நிறத்தை விட்டுவிட்டு, எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று பாருங்கள். தகைவிலானையும் (swallow) உழவாரனையும் (swift) குழப்பிக்கொள்ளாதவர்கள் கிடையாது, ஆனால் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், தகைவிலான்தான். உழவாரனின் கால் சுவரில் தொற்றிக்கொள்ளத்தான் லாயக்கு, கம்பியில் உட்கார அதனால் முடியாது.

அப்புறம் இன்னொன்று, குழு நடக்கிற வேகத்துக்கு எப்போதும் ஓட வேண்டியதில்லை. ஒருமுறை செருப்பு வார் அறுந்து நான் மட்டும் குளத்தங்கரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஒரு சின்னக் கொக்கு. கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் சாக்ஸ் போட்டதுபோல. ஒரு காலை முன்னால் நீட்டி, சேற்றில் நடுங்குவதுபோல் ஆட்டும். மீன் கிளம்பியதும் ஒரே கொத்து. இருபது நிமிடம் அதையே பார்த்தேன். திரும்பி வந்த குழுவிடம் முப்பது பறவை பட்டியல் இருந்தது, எனக்குப் பொறாமையே வரவில்லை.

கேள்வி: பைனாகுலர் வாங்க வேண்டும். 10 மடங்கு நல்லதா, 8 மடங்கா?

பதில்: 8x42 வாங்குங்கள், அதாவது 8 மடங்கு, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். பத்தில் பறவை பெரிதாகத் தெரியும், கூடவே கை நடுக்கமும் பெரிதாகும், காட்சிப் பரப்பும் பொதுவாகக் குறையும். புதரில் தாவும் குருவியைப் பிடிக்க அகலம்தான் முக்கியம். பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழகுங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்தால் குருவி போயிருக்கும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைக்கிறார். எல்லோருக்கும் படம் கிடைக்கிறது. தப்பா?

பதில்: தப்புதான். தன் எல்லைக்குள் போட்டிக்காரன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து அது இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு வருகிறது, உங்களைப் பார்க்க அல்ல. அவரிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் படம் எடுக்க நிற்காதீர்கள். அது வெட்டவெளித் தரையில் முட்டையிடும், முட்டை அச்சு அசல் கூழாங்கல் மாதிரி இருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டே வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பட்டியல் போடும்போது தெரியாத பறவையை விட்டுவிடலாமா, ஊகித்துப் போடலாமா?

பதில்: ஊகம் வேண்டாம். 2002இல் தொடங்கிய அந்தத் தளத்தின் பதிவுகளை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 'ஏதோ ஓர் உள்ளான்' என்று பொதுவாகப் பதியவும் அதில் வசதி உண்டு. நான் போன வாரம்கூட அப்படித்தான் நான்கு போட்டேன்.